பெடலுக்கு அடியில் நாலு சுற்று

மார்ச் 2

திருகாணிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. போனில் பேசலாம்தான். பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும், உனக்கே தெரியும். எழுதினால் கோபம் வந்த தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கலாம். இது நான்காவது தாள்.

முட்டி எப்படி இருக்கிறது? உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னோடு பேசிவிட்டு வந்து "நல்லாயிருக்காளாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு மத்தியானம் வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்படி என்னதான் பேசுவீர்களோ இரண்டு பேரும். நான் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் நீ ஓட்டிக்கொண்டிருந்த ரேஸ் கார் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போக மாட்டேன் என்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மாற்றினால் சுலபமாக வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. போட்டிக்கு ஓட்டுவதுபோல், வலது காலை முழுசாக மிதித்தபடியே வைத்துக்கொண்டு கிளட்சை மட்டும் தட்டி மாற்றினால் கரகரவென்று பல்லைக் கடிக்கிறது. பத்தில் ஏழு முறை இப்படி. மீதி மூன்று முறை ஒன்றுமே நடக்காததுபோல் ஏறுகிறது. ஏன் என்று எனக்கும் புரியவில்லை, உன் அண்ணனுக்கும் புரியவில்லை.

ஏப்ரல் 26 அன்று பழைய விமான ஓடுதளத்தில் நானூறு மீட்டர் போட்டி. பட்டறைச் சுவரில் நம் பெயிண்டர் எழுதிக் கொடுத்த உன் 12.61 வினாடி இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அதுதான் என்னை முறைக்கிறது. என்னுடையது 13.08. காலை எடுத்து எடுத்து மாற்றினால் அதற்குக் கீழே இறங்காது.

எனக்கு அந்த எண்ணைத் தாண்ட வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்வானேன். அந்த வண்டியின் குணம் உனக்குத்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்.

அண்ணி


மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

என்னைவிட இரண்டு மாதம் சின்னவர் நீங்கள். ஆனாலும் அண்ணி அண்ணிதான், அதனால் மரியாதையோடு ஆரம்பிக்கிறேன்.

முட்டி நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், படி ஏறும்போது மட்டும் என்னை ஞாபகப்படுத்துகிறது. இங்கே பஸ் டிப்போவில் கியர்பாக்ஸ் பிரிவில் இருக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பான். என் மேஜைக்கு வருகிற கியர்பாக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். அவற்றைப் பிரித்து, கழுவி, தேய்ந்த பல்லை மாற்றி, மறுபடி மூடி அனுப்புகிறேன். எல்லாப் பஸ்ஸையும் யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கியர் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? பழைய ஆயில் சூடானால் தண்ணீராகிவிடும். பல்லைக் கடிக்கத்தான் செய்யும். கிளட்ச் ஆயிலையும் மாற்றுங்கள், குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மிதித்தும் பயன் இல்லை. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தவன்தானே உங்களுக்குச் சாவியைக் கொடுத்தான்.

திருகாணி


மார்ச் 17

திருகாணிக்கு,

இரண்டு ஆயிலும் மாற்றியாயிற்று. பழையது தேன் நிறத்தில் சுத்தமாகத்தான் வந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. வண்டி முன்பு போலவே பல்லைக் கடிக்கிறது.

சாவியை அவர் கொடுக்கவில்லை. நான் கேட்டேன். நீ ஆயிலில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த மூன்றாம் வாரம், வண்டி மூலையில் தூசி படிந்து நின்றது, எனக்குப் பொறுக்கவில்லை. அன்று நீ வாசலில் நின்று "எங்க அண்ணனையும் எடுத்துக்கிட்டீங்க, இப்ப என் சீட்டையுமா?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நான் பதிலுக்குச் சொன்னது அதைவிட மோசம். "மடங்காத காலுக்கு சீட்டு எதுக்கு?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க மூன்று மாதமாக வார்த்தை தேடுகிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன். அதுவரை கியரைப் பற்றிப் பேசுவோம்.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில் பின்பக்க மைதானத்தில் இந்த வண்டியை முதல் முறை ஓட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே மூன்றாவது கியர் சத்தமில்லாமல் ஏறியது. அடுத்த வாரம் ஓட்டியபோது ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. "முதல் தடவை அதிர்ஷ்டம், இது என் காலுக்குத்தான் அடங்கும்" என்று நீ சிரித்தாய். அதிர்ஷ்டம் ஒரே நாளில் எப்படித் தீர்ந்துபோகும் என்று அன்றே யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

அதிர்ஷ்டம் அப்படித்தான், வரும், போகும்.

இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகளைப் பாருங்கள். முழு வேகத்தில் இன்ஜின் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாயும். ரப்பர் தளர்ந்திருந்தால் கியர் கம்பியையும் சேர்த்து இழுக்கும், அப்போது உங்கள் கை மூன்றைத் தேடும், கியர்பெட்டி வேறெங்கோ இருக்கும். கியர் கம்பியின் அடியில் இருக்கிற புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள்.

இங்கே என்னோடு வேலை பார்க்கிற வெல்டர் அக்கா போன வாரம் என்னைச் சந்தைக்குத் தன் காரில் அழைத்துக்கொண்டு போனார். கிளட்ச் இல்லாத கார். "நீயும் இது மாதிரி ஒண்ணு வாங்கிக்க, கால் நோவு இருக்காது" என்றார். நல்ல மனுஷி, நல்லதைத்தான் சொன்னார். திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. என்னிடம் வேறு தாளும் இல்லை.

அண்ணன் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் உங்கள் பேச்சுத்தான். "அண்ணி இன்னிக்கு 13.08 எடுத்தா தெரியுமா, கிளம்பறது உன்னைவிட சுத்தமா கிளம்பறா" என்கிறான். ஆமாம், சிரிக்கிறேன். அவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன். பிறகு நான் சாப்பிடுவதில்லை.

திருகாணி


ஏப்ரல் 1

திருகாணிக்கு,

இன்று முட்டாள்கள் தினம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ரப்பர் கட்டை மாற்றினோம், புஷ் மாற்றினோம். கியர் கம்பி இப்போது கடிகாரம் மாதிரி அசைகிறது. முழு மிதியில் மாற்றினால் அதே கரகர. நேற்றுக் கியர்பாக்ஸ் ஆயிலில் பொடிப்பொடியாகப் பித்தளை மினுங்கியது. மூன்றாவது கியரின் வளையம் தேய ஆரம்பித்துவிட்டது என்று உன் அண்ணன் சொல்கிறார். இப்படியே போனால் போட்டிக்கு முன்பே பெட்டி உடைந்துபோகும்.

கிளட்ச் பெடலுக்கு அடியில் நீ வைத்த சுவிட்சையும் பார்த்தோம். பெடல் அதைத் தொட்டதும் இன்ஜினுக்கு ஒரு கணம் தீப்பொறி நின்று, அந்த இடைவெளியில் கியர் ஏறும் என்று நீ அன்று விளக்கினாயே, அதுதான். உன் அண்ணன் தலைகீழாகப் படுத்துப் பெடலைக் கையால் தரைவரை அமுக்கினார், சோதனை விளக்கு அணைந்தது. சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்றார். "யாராவது திருகியிருந்தா?" என்று கேட்டேன். சுவிட்சிலும் அது திருகி நிற்கிற தகட்டிலும் சேர்த்து நீ இழுத்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். "கோடு நேரா இருக்குல்ல? எங்க திருகாணி வெச்சது வெச்சபடி இருக்கு. அவ கை வெச்ச இடத்துல தப்பே வராது."

எங்க திருகாணி! நான் எட்டு மணிநேரம் கிரீஸில் கிடக்கிறேன், பாராட்டு நானூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறவளுக்கு. அந்தச் சிவப்புக் கோடு என் நெயில் பாலிஷ் என்பதாவது அவருக்குத் தெரியுமா? பாட்டில் காணாமல் போனபோது வீட்டையே புரட்டினேன்.

உன் மேல் பொறாமையாக இருக்கிறது, போ. எழுதிவிட்டேன். நீ வீட்டில் இல்லாமலேயே வீடு முழுக்க இருக்கிறாய்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் தவறு ஓட்டுகிற கையில்தான். மூன்றாவது கியருக்குக் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளங்கையால் நேராகத் தள்ளுங்கள். நீங்கள் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள் போலிருக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நெயில் பாலிஷ் நான்தான் எடுத்தேன். நல்ல நிறம்.

திருகாணி


ஏப்ரல் 14

திருகாணிக்கு,

இனி உன் உதவி வேண்டாம். கண்டுபிடித்துவிட்டேன்.

நீ 12.61 ஓட்டிய நாளில் பெயிண்டர் எடுத்த வீடியோவை அவர் போனில் தேடி எடுத்தேன். ஜன்னல் வழியாக உள்ளே எடுத்தது. உன் கையை ஐம்பது முறை பார்த்தேன், என் கையும் அப்படித்தான் போகிறது. பிறகு சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒவ்வொரு கியருக்கும் முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். உன் இடது கால் தரையை உதைக்கிற சத்தம். நீ கிளட்சை மிதிப்பதில்லை, அது என்னவோ உனக்குத் துரோகம் செய்ததுபோல் தரையோடு தரையாக உதைக்கிறாய். நான் கிளட்ச் விடுபடுகிற இடம்வரைதான் மிதிக்கிறேன். அதனால்தான் பெடல் சுவிட்சைத் தொடவே இல்லை. பத்தில் மூன்று முறை தற்செயலாகத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி, மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாலு நாளாகப் பழகுகிறேன். ஒரு நாளைக்கு நூறு முறை உதைக்கிறேன். அந்த ஸ்பிரிங் என்ன ஸ்பிரிங்கோ, காளை மாட்டைத் தள்ளுவதுபோல் இருக்கிறது. ஆனால் பத்துக்குப் பத்து ஏறுகிறது! நேற்று 12.70. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, உன் எண்ணைப் பிடித்துவிடுவேன்.

சாயங்காலம் ஆனால் இடது முட்டியின் உள்பக்கம் சூடாகி லேசாக வீங்குகிறது. துணி சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். படி இறங்கும்போது உள்ளே ஏதோ சொடுக்குகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும். உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். அதனால் உங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பட்டறையிலேயே வந்து கொடுப்பார். இதைப் படித்து முடிக்கும்வரை வண்டியில் ஏறாதீர்கள். ஏறியிருந்தால் இறங்குங்கள்.

உதைப்பதை நிறுத்துங்கள். இன்றே, இப்போதே. சூடு, உள்பக்க வீக்கம், படியில் சொடுக்கு, எனக்கும் இதே வரிசையில்தான் வந்தது. அடுத்தது முட்டி பூட்டிக்கொள்ளும். அதற்கடுத்தது ஆஸ்பத்திரி. நான் ஆயிலில் வழுக்கி விழவில்லை அண்ணி. அது நான் கட்டிய கதை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு "ரெண்டு வருஷமா எதைம்மா உதைச்சிட்டிருந்தே?" என்று கேட்டார். அண்ணன் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் படத்தை உறையில் போட்டு மூடிவிட்டேன்.

ஏன் உதைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேனா நிற்பதற்குள் எழுத வேண்டும்.

நீங்கள் கல்யாணமாகி வந்த நாலாவது மாதம். மழை விட்ட மத்தியானம். அண்ணன் உங்களை என் சீட்டில் உட்காரவைத்து, சீட்டைப் பின்னால் தள்ளி, மைதானத்தில் ஓட்டச் சொன்னான். நீங்கள் முதல் தடவையே காலை எடுக்காமல் மூன்றாவது போட்டீர்கள். சத்தமே வரவில்லை. அண்ணன் கைதட்டினான். எனக்கு அது கைவர ஆறு மாதம் ஆனது. பெட்டி பிரித்தவள் நான், ஒயர் இழுத்தவள் நான், பதினாறு வயதிலிருந்து அவனோடு அந்தப் பட்டறையில் கிடந்தவள் நான். எனக்கு ஒரு நாளும் அவன் கைதட்டியதில்லை. தங்கைக்கு யார் கைதட்டுவார்கள்?

அன்று சாயங்காலம் நீங்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தபோது பெடலுக்கு அடியில் படுத்து அந்தச் சுவிட்சை நாலு சுற்று கீழே இறக்கினேன். சரியாக நாலு முழுச் சுற்று. அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ என்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முழுச் சுற்றுக்குக் கோடு மறுபடி நேராக வந்து நிற்கும். யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்யும். அண்ணன் காட்டினானே, அந்தக் கோடு.

அதற்குப் பிறகு வண்டி உங்களுக்கு அடங்கவில்லை. எனக்கும்தான் அடங்கவில்லை. என் கால் மட்டும் அதை அடக்க வேண்டும் என்பதற்காகத் தரைவரை உதைக்கப் பழகினேன். அந்த அளவுக்கு மிதிக்கச் செய்த பெடல் இல்லை அது, கடைசி இரண்டு விரல்கடையில் ஸ்பிரிங் கல்லாகிவிடும். தெரிந்துதான் உதைத்தேன். சுவிட்சைத் திரும்ப ஏற்றியிருந்தால் முட்டி பிழைத்திருக்கும். ஏற்றினால் நீங்கள் ஓட்டுவீர்கள். அதனால் ஏற்றவில்லை. மடங்காத காலுக்கு சீட்டு எதுக்கு என்று நீங்கள் கேட்டபோது எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம், அந்தக் காலை மடங்காமல் செய்தது நானே என்பதுதான்.

உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயில், ரப்பர், புஷ் என்று உங்களை ஊரெல்லாம் சுற்றவிட்டேன். எல்லாம் சரியான யோசனைதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. உண்மை மட்டும் அதில் இல்லை. பித்தளைப் பொடி என்று எழுதினீர்களே, அன்றுகூடப் பேசாமல் இருந்தேன். பெட்டி உடைந்தால் உடையட்டும், 12.61 சுவரில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பெட்டி என்றால் வேறு பெட்டி வாங்கலாம். முட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் உங்கள் ஊருக்குப் போகிற பஸ் எது என்று டிப்போ முழுக்கக் கேட்டு அலைந்தேன்.

சுவிட்சின் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். நாலு சுற்று மேலே. கோடு நாலாவது முறை நேராகும்போது நிறுத்துங்கள். பிறகு உங்கள் இஷ்டம்போல் மெதுவாக மிதியுங்கள். கத்தாது. அன்று மைதானத்தில் ஏறியதுபோல் ஏறும். அது அதிர்ஷ்டமே இல்லை.

ஏற்றினால் நீங்கள் 12.61-ஐத் தாண்டிவிடுவீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். சந்தோஷமாக எழுதவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள்.

திருகாணி


ஏப்ரல் 28

திருகாணிக்கு,

டிரைவர் கடிதத்தைக் கொடுத்தபோது நான் வண்டியில்தான் இருந்தேன். இறங்கிவிட்டேன்.

படித்துவிட்டு ஒரு மணிநேரம் உன்னைத் திட்டினேன், சத்தம் போட்டே திட்டினேன். பெயிண்டர் பயந்து டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருஷம்! அந்த இரண்டு வருஷமும் எனக்கு வண்டி ஓட்ட வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன், தெரியுமா உனக்கு? உன் அண்ணன் வண்டியைப் பற்றி உன்னோடு பேசும்போதெல்லாம் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு அதில் என்ன தெரியும் என்றுதான் போனேன்.

பிறகு உன் முட்டியை நினைத்தேன். அதற்குப் பிறகு திட்ட வரவில்லை.

உன் அண்ணனிடம் காட்டவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்கு அல்ல. காட்டினால் ஒரு வாரத்துக்கு உன்னைப் பற்றியே பேசுவார், அதை என்னால் தாங்க முடியாது. "சுவிட்ச் கொஞ்சம் ஏத்தினேன், சரியாயிடுச்சு" என்று சொன்னேன். கோட்டைப் பார்த்தார், நேராக இருந்தது. "ஏத்தின மாதிரி தெரியலையே" என்றார். நீ பொல்லாதவள்.

முட்டிக்கு டாக்டரிடம் போனேன். ஒரு வாரம் ஓய்வு, கிழியவில்லை, நல்ல நேரத்தில் நிறுத்தினீர்கள் என்றார். யார் நிறுத்தியது என்று நான் சொல்லவில்லை.

நேற்று முன்தினம் போட்டி நடந்தது. ஓய்வு முடிந்த மறுநாளே ஓட்டினேன், நாலு ஓட்டம். மூன்றாவது கியர் நாலு முறையும் மூச்சுவிடாமல் ஏறியது. கை கியர் கம்பியில் இருந்தது, கால் வெறுமனே தொட்டது, அவ்வளவுதான். அன்று மைதானத்தில் இருந்த மாதிரியே இருந்தது. ஓட்டத்தின் நடுவில் உன்மேல் இன்னொரு முறை கோபம் வந்தது.

பெயிண்டர் அன்று மாலையே வந்து சுவரில் என் நேரத்தை எழுதிவிட்டார். உன் 12.61-ஐ அழிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னுடையது உன்னுடையதற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று எழுத மாட்டேன். உன் அண்ணனிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கெஞ்சினாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வந்து பார்த்துக்கொள்.

அப்புறம், உன் டாக்டர் காலால் உதைக்கக் கூடாது என்றாரா, மிதிக்கவே கூடாது என்றாரா? சரியாகக் கேட்டுப் பார். பெடல் இப்போது லேசாகத்தான் இருக்கிறது.

வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேனே. இன்னும் கிடைக்கவில்லை. நேரில் பார்த்தால் கிடைக்குமோ என்னவோ.

அண்ணி


மே 3

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அண்ணன் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. பெயிண்டருக்குப் போன் செய்தேன், "உங்க அண்ணி கொன்னுடுவாங்கம்மா" என்று வைத்துவிட்டார். என்னை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

டாக்டரிடம் கேட்டேன். உதைக்கத்தான் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். சீட்டை முன்னால் தள்ளி வையுங்கள். சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாரா பெயிண்டர் என்று பாருங்கள். இல்லையென்றால் ஏணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

திருகாணி